ஸ்டார்ட் எடுக்காத கார்: திறப்பைத் திருப்பினால் என்ன சத்தம்?

விடிய ஆறரைக்கு எனக்குப் போன் வந்தால் அநேகமாக அது "கார் ஸ்டார்ட் எடுக்குதில்லை" என்ற போன்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "திறப்பைத் திருப்பினா என்ன சத்தம் வருது?" அதற்கு நேராகப் பதில் சொல்பவர்கள் குறைவு. "பற்றரி போயிட்டு போல" என்பார்கள். இன்னும் சிலர் புதுப் பற்றரியை வாங்கிப் போட்டுவிட்டு, அதற்கும் ஸ்டார்ட் ஆகாத பிறகுதான் கூப்பிடுவார்கள். மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கடலோரமாக வயரிங் வேலை செய்து திரிகிற நான் பார்த்த, அநியாயமாக மாற்றப்பட்ட பற்றரிகளை அடுக்கினால் ஒரு சின்ன மதிலே கட்டலாம்.

அதனால் கீழே எல்லாவற்றையும் சத்தத்தின்படி பிரித்திருக்கிறேன். உங்கள் கார் போடும் சத்தம் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேரே போங்கள். காசு செலவில்லாதது முதலில் வரும், பையைக் கடிப்பது கடைசியில் வரும்.

அதற்கு முன் ஒரு கட்டுப்பாடு. ஸ்டார்ட் அடிக்கும்போது ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். அரை நிமிடமாவது விட்டு மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டர் சூடேறிக் கருகும், பற்றரியில் மிச்சமிருந்ததும் இறங்கிவிடும். கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் திறப்பைத் தொடவே வேண்டாம். கடைசித் தலைப்பைப் படியுங்கள்.

சத்தமும் இல்லை, டாஷ்போர்ட்டில் வெளிச்சமும் இல்லை

பொனற்றைத் திறந்து பற்றரியின் இரண்டு டெர்மினல்களையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஒள்ளுப்பம் அசைந்தாலும் பிழை அங்கேதான். பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று காரில் கிடந்தால் இரண்டு நிமிட வேலை.

அசையாமல் இறுக்கமாக இருந்து, மேலே வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த ஒழுங்கு முக்கியம். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் பொடி கரைந்து போகும். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பூட்டிய பிறகு மேலே வஸ்லின் பூசுங்கள். பொடியைக் கையால் துடைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள், அது அசிட். கடலுக்குக் கிட்ட வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. நாவலடிப் பக்கம் வெளியில் நிறுத்தும் கார்களில் உப்புக்காற்று செய்யும் வேலையை கடலுக்குத் தூரமாக இருப்பவர்கள் நம்பவே மாட்டார்கள்.

துப்புரவாக்கியும் இருட்டாகவே இருந்தால் பற்றரி அடியோடு இறங்கியிருக்கலாம், அல்லது பிளஸ் வயரோடு இருக்கும் பெரிய பியூஸ் எரிந்திருக்கலாம். முதலாவதுக்கு "டிக் டிக் டிக்" தலைப்பில் மருந்து இருக்கிறது. இரண்டாவதுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். பெரிய பியூஸ் சும்மா எரிவதில்லை. எங்கோ ஒரு வயர் உடம்பில் உரசிக்கொண்டிருக்கும். புது பியூஸ் போட்டு அதுவும் எரிந்தால் அடுத்தது வயர்தான் எரியும்.

டாஷ்போர்ட்டில் லைற் எரிகிறது, ஆனால் ஸ்டார்ட் அடித்தால் ஒரு சத்தமும் இல்லை

இது பெரும்பாலும் காசில்லாத பிழை. ஓட்டோ கியர் கார் என்றால் கியரை "பி"யிலிருந்து "என்"னுக்கு மாற்றி அங்கே வைத்து அடித்துப் பாருங்கள். எடுத்தால் கியருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. இன்றைக்கு வேலைக்குப் போகலாம், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கிளச் கார் என்றால் கிளச்சை அடிமட்டம் வரை மிதியுங்கள். காலுக்குக் கீழே கார்ப்பெட் மடிந்து கிடந்து கிளச் முழுதாக இறங்காமல் போன கதையெல்லாம் உண்டு.

திறப்பே திரும்பவில்லையா? ஸ்டியரிங் பூட்டுப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் இழுத்து ஆட்டிக்கொண்டே திறப்பைத் திருப்புங்கள். பலத்தைத் திறப்பில் காட்டினால் திறப்பு உடையும்.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமுக்கினால் வெறும் லைற்தான் எரியும். மிதித்தும் அப்படியே என்றால், யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைற் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிட்ச் அல்லது அதன் பியூஸ். நீங்கள் மிதிப்பதே காருக்குத் தெரியவில்லை.

பிரேக் லைற்றும் எரிகிறது என்றால் ரிமோட் பற்றரி. காத்தான்குடியில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்), குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்பட்ட வெள்ளண நேரம், பிள்ளைகள் எல்லாம் பின்சீட்டில் ஏறியாகிவிட்டது, கார் அசையவில்லை. "தம்பி, கரியர் ஒண்டு பிடிச்சுத் தாங்க" என்றார், காரை ஏற்றிப் போகும் லொறியைத்தான். ரிமோட்டை பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்து, அந்த ரிமோட்டாலேயே பட்டனை அமுக்கச் சொன்னேன். போனுக்குள்ளேயே எஞ்சின் சத்தம் கேட்டது. பெரும்பாலான ஜப்பான் கார்களில் இந்த வழி உண்டு. ரிமோட் முழுதாகச் செத்திருந்தாலும் கார் அதைக் கிட்டத்தில் அடையாளம் காணும். கதவு திறக்காவிட்டால் ரிமோட்டுக்குள்ளே செருகியிருக்கும் சின்னத் திறப்பை இழுத்தெடுங்கள். புது நாணயப் பற்றரி கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 2032, 1632 என்று பல அளவுகள் இருக்கின்றன.

இதெல்லாம் சரி என்றால், பியூஸ் பெட்டிக்குள் ஸ்டார்ட்டர் ரிலேயை (மோட்டருக்குக் கரண்டை விடும் சின்னச் சுவிட்ச்) கழற்றி, அதே உருவமும் அதே நம்பரும் உள்ள ஹோர்ன் ரிலேயை அங்கே போட்டுப் பாருங்கள். எடுத்தால் புது ரிலே ஒன்றோடு கதை முடிந்தது. எடுக்காவிட்டால் ஆளைக் கூப்பிடும் நேரம்.

டிக் டிக் டிக் டிக்

விடாமல் வேகமாக டிக் டிக் என்றால் மோட்டரைச் சுற்றும் அளவு கரண்ட் போய்ச் சேரவில்லை. சேராததற்குப் பற்றரிதான் காரணம் என்று முடிவெடுப்பதில்தான் காசு வீணாகிறது.

ஒரு சின்ன வோல்ட் மீற்றர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் ஓடாமல் நின்ற காரின் பற்றரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. அடுத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி அந்த நேரம் மீற்றரைப் பாருங்கள். 12.6 இல் நின்றது அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. விழாமல் 12 சொச்சத்திலேயே நின்றுகொண்டு டிக் டிக் என்றால் பற்றரியை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

கல்லடியில் ஒரு ஆசிரியர் ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றியிருந்தார். இரண்டும் போட்ட புதிதில் சரி, மறுகா பழையபடி டிக் டிக். மீற்றரில் 12.6. அடிக்கும்போதும் விழவில்லை. ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸில் கவ்வ விட்டு, மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வ விட்டேன். ஒரே அடியில் எடுத்தது. மைனஸிலிருந்து உடம்புக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றிக் கீறிப் பார்த்தால், மேலே றப்பர் புதுசு மாதிரி, உள்ளே செம்பு முழுதும் பச்சைப் பொடி. புதுப் பற்றரி கொஞ்சம் கூடுதலாகத் தள்ளியதால் சில மாதம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். "சேர், பழைய பற்றரி ரெண்டும் எங்க?" என்று கேட்டேன். "கடையில கழிச்சிட்டுத்தானே புதுசு எடுத்தனான்" என்றார். எர்த் வயருக்கு ஆன செலவை அவரிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஜம்பர் வயர் மட்டும் போதும், மற்றக் கார் தேவையில்லை.

பற்றரிதான் இறங்கியிருக்கிறது என்று உறுதியானால், இன்னொரு காரிலிருந்து ஏற்றுங்கள். சிவப்பு வயர் முதலில் உங்கள் பிளஸ், பிறகு மற்றக் காரின் பிளஸ். கறுப்பு வயர் மற்றக் காரின் மைனஸ், கடைசி முனை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரிக்குத் தூரமாக. பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். கடைசி முனையில் பறக்கும் பொறி அதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. மற்றக் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அடியுங்கள். எடுத்த பிறகு வந்த வழியே கழற்றுங்கள். கிளச் கார் என்றால் இரண்டாம் கியரில் போட்டு, திறப்பை "ஒன்" (ON) நிலையில் வைத்துத் தள்ளியும் எடுக்கலாம். ஓட்டோ கியரை மாமாங்கக் கோயில் திருவிழாச் சனம் முழுதும் சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது.

மாமாங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கோயிலுக்குப் போனவர்கள் வரும்வரை காரில் காத்திருப்பவர், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டும் காற்றாடியும் போட்டுக்கொண்டிருப்பார். மத்தியானம் எனக்குப் போன் வரும். இந்த மாதிரி ஒரு தடவை இறங்கியதற்குப் பற்றரி மாற்றத் தேவையில்லை. ஏற்றி, ஒரு மணித்தியாலம் ஓடினால் போதும்.

திரும்பத் திரும்ப இறங்கினால் இரண்டில் ஒன்று. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே என்றால் ஓல்டனேற்றர் ஏற்றவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பெல்ட் சரி என்றால் கராச். ஓல்டனேற்றர் நன்றாக ஏற்றியும் இரவில் இறங்கினால், நிற்கும்போது ஏதோ ஒன்று குடிக்கிறது. பிறகு பூட்டிய ஆண்ட்ராய்ட் பிளேயர், ரிவர்ஸ் கமரா, ஜீபிஎஸ் கருவி ஆகியவற்றில்தான் எனக்கு முதல் சந்தேகம். அவற்றின் பியூஸை ஒரு இரவு கழற்றி வைத்துப் பாருங்கள். ஒரு சதமும் போகாது.

இங்கே பற்றரியைக் கொல்வது வெயில். கச்சான் என்ற சுடுகாற்று வீசும் மாதங்களில் உள்ளே பழுதாகிவிடும். ஆனால் அது வெளியே தெரிவது கார்த்திகை மழையில், லைற்றும் வைப்பரும் காற்றாடியும் ஒன்றாக ஓடும்போது. மூன்று நான்கு வருடம் ஆன பற்றரியை மழைக்கு முன்பே கடையில் லோட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு "டக்", அதோடு சரி

லைற் மங்கவில்லை, "டக்" என்று ஒரு அடி, பிறகு அமைதி. ஸ்டார்ட்டர் மோட்டரில் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது அதன் தலையில் இருக்கும் சொலனோயிட் ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டர் கைக்கு எட்டினால் சக்கரச் சாவியால் அதன் உடம்பில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, ஒருவரை அடிக்கச் சொல்லுங்கள். அநேகமாக எடுக்கும். ஆனால் அது வைத்தியம் இல்லை, கராச்சுக்கு ஓட்டிப் போவதற்கான அனுமதி. வழியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். புது மோட்டர் வாங்கச் சொன்னால் அவசரப்படாமல், கழற்றிக் கார்பன் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

தட்டியும் பலனில்லை, "டக்" சத்தத்தோடு லைற்றும் அணைந்தாற்போல் மங்குகிறது என்றால், எஞ்சின் இறுகியிருக்கலாம். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் இல்லாமலோ பால்தேத்தண்ணி நிறத்திலோ இருந்தால் அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

மோட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பற்றரியை மறந்துவிடுங்கள். பெற்றோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை, அல்லது கார் உங்களைக் கள்ளன் என்று நினைக்கிறது.

கடைசியிலிருந்து வருவோம். டாஷ்போர்ட்டில் திறப்புப் படமோ பூட்டுப் படமோ வேகமாகச் சிமிட்டினால் திறப்புக்குள் இருக்கும் சிப்பைக் கார் படிக்கவில்லை. ஒரே வளையத்தில் இரண்டு வாகனத் திறப்புகள் கோர்த்திருந்தால் பிரித்தெடுத்துத் தனியாகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மற்றத் திறப்பையும் முயலுங்கள்.

பெற்றோல் மீற்றரை நம்பாதீர்கள், முள் பொய் சொல்லும். சந்தேகம் என்றால் ஒரு லீற்றர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியும் இல்லை என்றால் காரை அமைதியான இடத்தில் வைத்து, ஸ்டார்ட் அடிக்காமல் திறப்பை ஒன்னில் மட்டும் வையுங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று முனகல் கேட்க வேண்டும். அது பெற்றோல் பம்ப். கேட்காவிட்டால் பியூஸ், பிறகு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, அப்புறம் பம்ப். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கானிலும் போத்தலிலும் மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததை ஊற்றிய கார்களில் பம்பும் பில்டரும் அடைத்துப்போனதை நிறையக் கண்டேன். பழைய பெற்றோல் இருந்தால் புல் வெட்டும் மெசினுக்குக்கூட ஊற்ற யோசியுங்கள்.

பல தடவை அடித்து பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தால் பிளக் நனைந்துவிட்டது. அக்சிலேற்றரை அடியோடு மிதித்தபடி ஐந்தாறு விநாடி அடியுங்கள். இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் அப்படி மிதித்தால் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் இழுக்கும்.

சூட்டில் நின்று, ஆறியதும் எடுக்கும் கார் ஒரு தனிச்சாதி. பொலன்னறுவை வீதியில் நன்றாக ஓடி வந்து மன்னம்பிட்டியில் தேநீருக்கு நிறுத்தினால் திரும்ப எடுக்காது. முக்கால் மணித்தியாலம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். அனேகமாக கிராங்க் சென்சர், சில நேரம் கொயில். ஸ்கேன் கருவி இருக்கும் ஆளிடம் காட்டுங்கள், ஊகத்தில் சாமான் மாற்ற விடாதீர்கள். இந்தப் பழக்கம் உள்ள காரோடு இரவில் வெலிக்கந்தை, புனானைப் பக்கமோ மகாஓயாப் பாதையிலோ போகவே வேண்டாம். அங்கே நின்றுவிட்டால் இறங்கிப் பொனற்றைத் திறந்து ரோச் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள். யானை நடமாடும் இடம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து, அடுத்து வரும் பஸ்ஸையோ லொறியையோ மறியுங்கள்.

அம்பாறைப் பக்கத்து வயல்வெளிக் கார்களுக்கு இன்னொரு வியாதி: எலி. வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால் எலியும் வரும். சூடான எஞ்சினுக்கு மேல் படுத்து வயரைக் கொறிக்கும். பொனற்றுக்குள் உமியும் எச்சமும் கிடந்தால் இன்ஜெக்டருக்கும் சென்சருக்கும் போகும் மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அறுந்த வயரை ரேப் சுற்றி முடிச்சுப் போடுவது ஒரு நாளைக்குத் தாங்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் நிலைக்கும்.

மோட்டர் வழமையைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் "விர்ர்" என்று சுற்றுகிறதா? உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னும் ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமே என்ற ஆசையில் வால்வு வளைந்தால், பெல்ட் செலவு எஞ்சின் தலைச் செலவாகிவிடும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி விட்டார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களையே ஓட்டினோம். பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

டீசல் என்றால்: டாஷ்போர்ட்டில் சுருள் வடிவத்தில் எரியும் லைற் அணையும்வரை பொறுத்து அடியுங்கள். பழைய டொல்பின் வான்களுக்கு எங்கள் சூட்டிலும் விடியப்புறம் அது தேவை. டாங்க் வற்றி நின்ற வண்டிக்கு டீசல் ஊற்றினால் மட்டும் எடுக்காது. பில்டருக்கு மேல் இருக்கும் பம்பைக் கையால் இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீர் இறங்கும். டீசல் வண்டிக்குப் பெற்றோல் அடித்துவிட்டார்கள் என்றால் திறப்பை ஒன்னுக்குக்கூடத் திருப்பாமல் பெற்றோல் செட்டிலேயே தள்ளி ஓரமாக்கி, டாங்கை இறக்கச் சொல்லுங்கள்.

பிடித்து, உடனே நின்றுவிடுகிறது

ஒரு விநாடி ஓடி நின்றால் திறப்புச் சிப், மேலே சொன்னதுதான். அக்சிலேற்றரை மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் கரிபிடித்திருக்கும். அதற்கான ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் சரியாகும். துடைத்த பிறகும் அப்படியே என்றால் ஸ்கேன்.

ஹைபிரிட் கார்: டாஷ்போர்ட்டில் "ரெடி" லைற் வரவில்லை

பெரிய பற்றரி போய்விட்டது என்று பயந்து கூப்பிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது சின்ன 12 வோல்ட் பற்றரியைத்தான். பல பிரியஸ் மொடல்களில் அது பின்பக்கம் டிக்கிக்குள் இருக்கிறது. அது இறங்கினால் டிக்கியும் பட்டனில் திறக்காது. சில மொடல்களில் முன்பக்கப் பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனை இருக்கும், அங்கே கொடுக்கலாம். இங்கே மோட்டர் சுற்றத் தேவையில்லை, கம்பியூட்டர் விழித்தால் போதும் என்பதால் மோட்டார் சைக்கிள் பற்றரிகூட வேலை செய்யும். ஆனால் ஹைபிரிட்டிலிருந்து மற்றக் காருக்குக் கொடுக்காதீர்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். 12 வோல்ட் சரியாக இருந்தும் "ரெடி" வராவிட்டால் ஹைபிரிட் தெரிந்த ஆள்தான். எனக்கே அதில் கைவைக்கத் தயக்கம்.

வெள்ளத்தில் நின்ற கார்

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கிழமை, எஞ்சினுக்குள் தண்ணீர் போன கார்களில் பாதியை வெள்ளம் கெடுக்கவில்லை. வடிந்ததும் "எடுக்குதா பாப்பம்" என்று ஒரு தடவை அடித்துப் பார்த்த கைதான் கெடுத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் உள்ளே இருக்கும் தண்டு வளையும்.

தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டியிருந்தால் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். காற்று பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டர் காய்ந்திருந்து, ஒயில் குச்சியிலும் ஒயிலின் நிறம் மாறாமல் இருந்தால் எஞ்சின் தப்பியிருக்க இடமுண்டு. இரண்டு நாள் காயவிட்டு, வயரிங் ஆள் ஒருவர் பார்த்த பிறகு அடிக்கலாம். பில்டர் நனைந்திருந்தால் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரியரைக் கூப்பிடுங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, ஒயிலை மாற்றிய பிறகுதான் அந்த எஞ்சின் சுற்ற வேண்டும். கயிறு கட்டி இழுத்துப்போவதானால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஓட்டோ கியர் காரைத் தரையில் இழுக்காமல் தூக்கி ஏற்றச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தெரியும்படி, கழுவுவதற்கு முன் கதவிலுள்ள சேற்றுக் கோட்டைப் படம் எடுத்து வையுங்கள்.